லிங்கன் 1848ல் காங்கிரஸ் தேர்தலில் தோற்றாரா?

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் ஒன்பதாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு ஆபிரகாம் லிங்கனை எடுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லோர் கைப்பேசியிலும் சுற்றுகிற அந்தத் தோல்விப் பட்டியலை வைத்துத்தான் பேச்சு. "1843ல் காங்கிரஸ் தேர்தலில் தோல்வி, 1848ல் மறுபடியும் தோல்வி, 1855ல் செனட்டில் தோல்வி, 1858ல் மீண்டும் தோல்வி, 1860ல் அதிபர்" என்று போகிறது.

ஒவ்வொரு தோல்விக்கும் யாரிடம் தோற்றார் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று நான் சொன்னேன். 1858க்கு ஸ்டீபன் டக்ளஸ் என்று உடனே கிடைத்துவிட்டது. 1848க்கு மட்டும் எதிர்த்து நின்றவர் பெயர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. லிங்கன் 1847 டிசம்பர் முதல் 1849 மார்ச் வரை ஒரே ஒரு தவணை பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார் என்று மட்டும் தெரிகிறது. அப்படியானால் இரண்டாம் முறை யாரிடம் தோற்றார்? அந்த ஒரு தவணையில் அவர் செய்ததுதான் என்ன? அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெடுஞ்சாலை எழுதியது:

மெக்சிகோ போரை எதிர்த்துப் பேசினார். ஊரில் பெயர் கெட்டுவிட்டது. நின்றால் தோற்போம் என்று தெரிந்து ஒதுங்கிக்கொண்டார் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அதைத் தோல்வி என்று சொன்னால் தப்பா? பேச்சில் அப்படியே விட்டுவிடுங்கள், சகோதரி. நடுவர்கள் யாரும் கேட்கப் போவதில்லை.


தபால் பை எழுதியது:

அம்மா, உங்கள் பெண்ணிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். எதிர்த்து நின்றவர் பெயர் கிடைக்காததற்குக் காரணம், லிங்கன் 1848ல் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை என்பதுதான்.

நான் 34 வருடம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். லிங்கனும் 1833 முதல் 1836 வரை நியூ சேலம் என்ற சின்னக் குடியிருப்பில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். அது தெரிந்த நாளிலிருந்து அவர் கடிதங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இந்தக் கேள்விக்கும் பதில் கடிதங்களில்தான் இருக்கிறது.

முதலில் 1843. அதுவும் தேர்தல் தோல்வி இல்லை. இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் அப்போது இருந்த விக் கட்சி வெற்றி பெறக்கூடிய தொகுதி அந்த ஒன்றுதான். அதற்கு மூன்று பேர் ஆசைப்பட்டார்கள்: ஜான் ஹார்டின், எட்வர்ட் பேக்கர், லிங்கன். லிங்கனின் சொந்த மாவட்டமே பேக்கரைத் தேர்ந்தெடுத்தது. அதோடு விடாமல், பேக்கருக்காகப் பேசும் பிரதிநிதியாக லிங்கனையே கட்சி மாநாட்டுக்கு அனுப்பி வைத்தது. நண்பர் ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் புலம்புகிறார்: தான் ஆசைப்பட்ட பெண்ணை வேறொருவன் கட்டிக்கொள்ள, அவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறவன் கதையாகிவிட்டது என் கதை என்று. கடைசியில் பேக்கருக்கும் கிடைக்கவில்லை, ஹார்டினுக்குப் போனது. அந்த மாநாட்டிலேயே லிங்கன் எழுந்து, அடுத்த முறை பேக்கர் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். ஆளுக்கு ஒரு தவணை என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்ததுதான்.

ஹார்டின் 1843 முதல் 1845 வரை. பேக்கர் 1845 முதல் 1847 வரை. லிங்கன் முறை வந்தபோது ஹார்டின் மறுபடியும் நிற்கப் பார்த்தார். லிங்கன் விடவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் என்பதுதான் நியாயம், உங்கள் முறை முடிந்துவிட்டது என்று ஊர் ஊராகக் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். 1846 பிப்ரவரியில் ஹார்டின் விலகிக்கொண்டார். ஆகஸ்ட் 3ல் நடந்த தேர்தலில் பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரை எதிர்த்து லிங்கன் வென்றார். 6,340 ஓட்டு அவருக்கு, 4,829 போதகருக்கு.

இப்போது யோசியுங்கள். "ஆளுக்கு ஒரு முறை" என்ற வாதத்தைச் சொல்லித்தான் ஹார்டினை நிறுத்தினார். அதே வாதம் இரண்டு வருடம் கழித்து அவர் வாசலிலும் வந்து நிற்காதா?

நெடுஞ்சாலை தம்பி, நீங்கள் சொன்னது பல புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் தபால்காரன் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். லிங்கனின் வக்கீல் தொழில் கூட்டாளி ஹெர்ன்டன் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து 1847 டிசம்பர் 27ல் ஒரு கடிதம் போடுகிறார். லிங்கன் வாஷிங்டனிலிருந்து ஜனவரி 8ல் பதில் எழுதுகிறார், உங்கள் கடிதம் ஓரிரு நாளைக்கு முன்னால் கிடைத்தது என்று. அதாவது தபால் போய்ச்சேரப் பத்து நாள். அந்தப் பதிலில்தான் இந்த விஷயம் வருகிறது: நான் மறுபடியும் வர வேண்டும் என்று சிலர் விரும்புவதாக நீங்கள் எழுதியது மகிழ்ச்சி, வேறு யாருமே விரும்பாவிட்டால் மக்கள் என்னை அனுப்புவதை நான் மறுக்க முடியாது, ஆனால் மற்றவர்களுக்குப் போட்டியாக நானே இறங்குவதையும் பிறரை விட்டு என்னை இறக்கச் சொல்வதையும் என் வாக்கும் மானமும் தடுக்கின்றன.

போரைப் பற்றிய அவருடைய பெரிய பேச்சு ஜனவரி 12ல். இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் கழித்து! ஊரில் பெயர் கெட்ட பிறகு ஒதுங்கினார் என்றால் தேதி இடிக்கிறதே. டிசம்பர் 27ல் ஊரில் அவர் மறுபடி வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் என்று அந்தக் கடிதமே சொல்கிறது.


நெடுஞ்சாலை எழுதியது:

தேதிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன் ஐயா, இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் போர் விஷயத்தால் அவர் கட்சி அந்தத் தொகுதியை இழந்தது உண்மைதானே? பத்து வருடம் கழித்து டக்ளஸும் அதை வைத்து அடித்தாரே? இன்னொன்று, பயணப்படி விவகாரம். லிங்கன் 780 மைல் தூரத்துக்கு 1,626 மைல் என்று கணக்கு எழுதி 1,300 டாலருக்கு மேல் வாங்கினார் என்று ஹொரேஸ் கிரீலி பத்திரிகையில் போட்டுடைத்தார். நேர்மைக்கு உதாரணம் என்று சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டாமா?


மாடித்தோட்டம் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். "வாக்கும் மானமும்" என்ற இடத்தை எழுதி வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு வருடம் அவர் எப்படி இருந்தார், எங்கே தங்கினார், என்ன செய்தார் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? பேச்சுக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்கே ஆவலாக இருக்கிறது.


தபால் பை எழுதியது:

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 1847 அக்டோபர் 25ல் மனைவி மேரியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கிளம்பினார். மூத்தவன் ராபர்ட், சின்னவன் எடி. எடிக்குப் பெயரே எட்வர்ட் பேக்கர் லிங்கன், அந்தப் போட்டியாளர் பேக்கரின் பெயர்தான். வழியில் கென்டக்கியில் மாமனார் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு, டிசம்பர் 2ல் வாஷிங்டன் வந்து சேர்ந்தார்கள். தங்கியது திருமதி ஸ்பிரிக் என்ற அம்மாள் நடத்திய சாப்பாட்டு விடுதியில். இன்று காங்கிரஸ் நூலகம் நிற்கிற இடம் அது. சபைக் கட்டடத்துக்கு எதிரே. சம்பளம் நாளுக்கு 8 டாலர்.

சபையில் அவருக்குக் கிடைத்த குழுக்களில் ஒன்று தபால் குழு. அவருடைய முதல் பேச்சே தபால் ஒப்பந்தம் ஒன்றைப் பற்றியது. அதைப் பற்றி ஹெர்ன்டனுக்கு எழுதும்போது, இங்கே பேசுவதும் வேறு இடத்தில் பேசுவதும் ஒன்றுதான், கோர்ட்டில் எவ்வளவு பயப்படுவேனோ அவ்வளவுதான் பயந்தேன் என்கிறார். எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். பேச்சுப் போட்டிக்குப் போகிற குழந்தைக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி போர். அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லித்தான் அதிபர் போல்க் மெக்சிகோ மீது போர் தொடுத்தார். லிங்கன் வந்து மூன்றே வாரத்தில், டிசம்பர் 22ல், எட்டுத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். சுருக்கம் இதுதான்: ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள். அது அப்போது நம் மண்ணா? அங்கே குடியிருந்தவர்கள் நம் ராணுவம் வருவதைப் பார்த்து வீட்டையும் வயலையும் விட்டு ஓடினார்களா இல்லையா? ஒரு வக்கீலின் குறுக்கு விசாரணை மாதிரியே இருக்கும். சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ஜனவரி 3ல், இந்தப் போரை அதிபர் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்று ஆஷ்மன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் 85க்கு 81 என்று நிறைவேறியபோது லிங்கன் அதற்கு ஓட்டுப் போட்டார்.

ஹெர்ன்டனுக்கே இது பிடிக்கவில்லை. அவருக்கு லிங்கன் பிப்ரவரி 15ல் எழுதிய பதிலை யாராவது முழுதாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். படையெடுப்பைத் தடுக்கத் தேவை என்று அதிபர் நினைக்கும்போதெல்லாம் அண்டை நாட்டுக்குள் புக அனுமதித்தால், அவர் நினைத்த நேரத்தில் போர் செய்ய அனுமதித்ததாகும். ராஜாக்கள் எங்கே நின்றார்களோ அங்கே நம் அதிபரைக் கொண்டுபோய் நிறுத்துவதாகும் என்று எழுதுகிறார். முதல் தவணை உறுப்பினர், வயது 39 ஆகி மூன்று நாள்.

தம்பி, தொகுதி போனது உண்மை. 1848 ஆகஸ்டில் விக் கட்சிக்காக நின்றவர் ஸ்டீபன் லோகன், லிங்கனின் பழைய தொழில் கூட்டாளி. போரில் சண்டையிட்டு வந்த தாமஸ் ஹாரிஸிடம் 106 ஓட்டில் தோற்றார். லிங்கனின் போர் நிலைப்பாடும் அதற்கு ஒரு காரணம் என்று அன்றே பேச்சு இருந்தது. அதை மறைக்கச் சொல்லவில்லை. தோற்றவர் லோகன், நின்றவரும் லோகன். அவ்வளவுதான் என் வாதம்.

பயணப்படி விஷயமும் உண்மை. மைலுக்கு 40 சென்ட், போக வர. வழக்கமாகப் போகும் பாதைக்குப் படி என்று சட்டம் சொன்னது. மிகக் குறுகிய தபால் பாதை இத்தனை மைல், வாங்கியது இத்தனை என்று கிரீலி சபை உறுப்பினர்களைப் பெயர் பெயராகப் போட்டார். லிங்கன் பெயருக்கு நேரே 676 டாலர் 80 சென்ட் அதிகம் என்று இருந்தது. பட்டியலில் அநேகமாக எல்லோரும் இருந்தார்கள். ஆனாலும் லிங்கன் அங்கே தனித்து நிற்கவில்லை, எல்லோரையும் போல வாங்கியிருக்கிறார். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

டக்ளஸ் விஷயத்தில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1858 விவாதங்களில், போர் நேரத்தில் லிங்கன் சொந்த நாட்டுக்கு எதிராக எதிரியின் பக்கம் நின்றார் என்று டக்ளஸ் குற்றம் சாட்டினார். வீரர்களுக்கு வேண்டிய உணவு, உடை, ஆயுதம் எதற்கும் ஓட்டுப் போடவில்லை என்ற வதந்தியும் கூடச் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் 18, சார்ல்ஸ்டன் ஊரில் நாலாவது விவாதம். மேடையில் ஆர்லாண்டோ ஃபிக்லின் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர், டக்ளஸின் ஆள். ஆனால் 1848ல் லிங்கனோடு அதே சபையில் இருந்தவர். லிங்கன் நேராகப் போய் அவரைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார். அவருக்கு எந்தத் தீங்கும் செய்யப் போவதில்லை, அவர் முகத்தைக் காட்டத்தான் கூப்பிட்டேன், இது பொய் என்று அவருக்கே நேரில் தெரியும் என்றார். ஃபிக்லின் வேறு வழியில்லாமல், ஆஷ்மன் கொண்டுவந்த அந்தத் திருத்தத்துக்கு லிங்கன் ஓட்டுப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் சொன்னார். போர் தவறு என்பது வேறு, அனுப்பிவிட்ட வீரனுக்குச் சோறு போடுவது வேறு. லிங்கன் முதலாவதைக் கண்டித்தார், இரண்டாவதற்கு ஓட்டுப் போட்டார். பத்து வருடம் அந்த விளக்கத்தைச் சுமந்துகொண்டே இருந்தார்.


மாடித்தோட்டம் எழுதியது:

படிக்கப் படிக்க நிறுத்த முடியவில்லை ஐயா. அடிமை முறையைப் பற்றி அந்த இரண்டு வருடத்தில் ஒன்றுமே செய்யவில்லையா? அதைத்தான் அவள் கடைசியில் வைக்க நினைக்கிறாள்.


தபால் பை எழுதியது:

செய்தார். நிறைவேறவில்லை, அவ்வளவுதான்.

அவர் தங்கிய விடுதியில் ஜோஷுவா கிடிங்ஸ் என்ற உறுப்பினரும் தங்கியிருந்தார், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். 1848 ஜனவரியில் அந்த விடுதியில் பரிமாறுகிற ஒரு மனிதரை ஆட்கள் உள்ளே புகுந்து, மனைவி கண் முன்னாலேயே கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தன் விடுதலைக்கான விலையைத் தானே கூலி வேலை செய்து கட்டிக்கொண்டிருந்தவர் அவர். பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. கிடிங்ஸ் இதைச் சபையில் எழுப்பினார். தினமும் தட்டில் சோறு வைத்தவர் ஒரு நாள் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் லிங்கனும் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சபைக் கட்டடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடி தெரியும். குதிரை மந்தைகளைப் போல ஆட்களைச் சேர்த்து வைத்துத் தெற்கே சந்தைக்கு ஓட்டிப் போனார்கள் என்று ஆறு வருடம் கழித்து, 1854ல், பியோரியா பேச்சில் அவரே சொல்கிறார்.

1849 ஜனவரி 10ல் எழுந்து ஒரு மசோதாவைப் படித்தார். வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தில் 1850 முதல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள். விடுவிக்கும் உரிமையாளருக்கு அரசு முழு விலை கொடுக்கும். இதற்கு அந்த மாவட்டத்து வெள்ளைக்கார ஆண்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். அதோடு, அங்கே தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு என்னை உறுத்துகிறது. பின்னாளில் அடிமை ஒழிப்புப் பேச்சாளர் வெண்டல் ஃபிலிப்ஸ் அவரைக் கடுமையாகத் திட்டியதும் அதற்காகத்தான். ஊர்ப் பெரியவர்கள் சுமார் 15 பேர் சம்மதித்தார்கள் என்று சபையில் சொன்னார். செய்தி வெளியே வந்ததும் ஆதரவு தந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். மசோதாவை முறைப்படி தாக்கல் செய்யவே இல்லை.

பேச்சின் முடிவுக்கு இது உதவலாம். 1862 ஏப்ரல் 16ல் அதே மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிபர் லிங்கன். இந்த முறை ஓட்டெடுப்பு இல்லை, உடனடி விடுதலை. உரிமையாளருக்கு ஆளுக்கு 300 டாலர் வரை.

எனக்கு அந்த ஏப்ரல் 16 மறக்காது. 1848 ஏப்ரல் 16ல் அவர் மேரிக்கு எழுதிய கடிதம்தான் நான் அதிகம் படித்தது. அதற்குள் மேரி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கென்டக்கி போய்விட்டார். நீ இங்கே இருந்தபோது என் வேலைக்குக் கொஞ்சம் இடைஞ்சல் என்று நினைத்தேன், இப்போது வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாததால் எதிலும் ருசியே இல்லை என்று எழுதுகிறார். எடிக்குக் கட்டம் போட்ட சின்னக் காலுறை வேண்டுமென்று மேரி கேட்டிருக்கிறார். கடைக்குப் போனால் ஒரு கடையை மூடிவிட்டார்கள். இன்னொன்றில் கேட்ட மாதிரி ஒரு ஜோடிகூட இல்லை. எடியின் செல்லக் கால்களுக்குப் பொருந்தும் என்று தோன்றியது ஒரே ஒரு கட்டம் போட்ட ஜோடி. பிள்ளைகள் அப்பாவை மறந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறார். எடிக்கு அப்போது இரண்டு வயது. 1850 பிப்ரவரி 1ல் நாலு வயது நிரம்பும் முன்னே இறந்துபோனான்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனின் அந்த வீட்டுக்குப் போனேன். படி ஏறும்போது கைப்பிடியைத் தொட்டேன். அந்தக் காலுறைதான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.


நெடுஞ்சாலை எழுதியது:

ஐயா, 1848 வரியை எடுத்துவிட வேண்டும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பதவி முடிந்த பிறகு நில அலுவலக ஆணையர் வேலை கிடைக்காமல் போனது பட்டியலில் இருக்கிறது. அது சரிதானே?


தபால் பை எழுதியது:

அது சரி தம்பி, 1849ல் அந்த வேலை சிகாகோக்காரர் ஜஸ்டின் பட்டர்ஃபீல்டுக்குப் போனது. 1848ல் விக் கட்சி வேட்பாளரான டெய்லரை அதிபராக்க லிங்கன் மாசசூசெட்ஸ் வரை போய்ப் பேசினார், பட்டர்ஃபீல்டோ அதே கட்சியில் வேட்பாளராகப் பார்த்த ஹென்றி கிளேயின் பக்கம் இருந்தவர். அது நிஜமாகவே வலித்தது அவருக்கு. பதிலுக்கு ஆரிகன் பிரதேச ஆளுநர் பதவி தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் ஐந்து வருடம் வக்கீல் தொழில்தான்.


மாடித்தோட்டம் எழுதியது:

பேச்சை மாற்றி எழுதிவிட்டாள். "1848: வாக்கைக் காப்பாற்றுவதற்காக நிற்கவில்லை" என்று. 1843க்கு மாப்பிள்ளைத் தோழன் கதை வந்துவிட்டது. ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்கிறாள்: அந்தக் காலுறையை அன்றைக்கு வாங்கினாரா, இல்லையா?


தபால் பை எழுதியது:

அன்றைக்கு வாங்கவில்லை. அதே கடிதத்தில் அடுத்த வரியிலேயே இருக்கிறது, குழந்தையிடம் சொல்லுங்கள்: நாளைக் காலை இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.